அடியை நெருங்குகையில் அணைந்த மெழுகுவர்த்தி: ஒரு வீட்டு வார்ப்புத் தொழிலின் நிகழ்வு ஆய்வு

புகார்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து, சமையலறையிலேயே அச்சு மெழுகுவர்த்தி வார்த்து, பங்கு ஆலயத்து விற்பனைக்கும் தெரிந்த குடும்பங்களுக்கும் கொடுத்து வருகிறார்கள். அவர்களுடைய முதன்மைப் பொருள் திருவருகைக் கால வளையத்துக்கான நான்கு தூண் மெழுகுவர்த்திகள் கொண்ட தொகுதி. கத்தோலிக்க வழக்கப்படி அவற்றில் மூன்று ஊதா நிறத்திலும் ஒன்று இளஞ்சிவப்பு நிறத்திலும் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என ஏற்றிக்கொண்டே போவார்கள். இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி மூன்றாம் ஞாயிறன்று சேரும். வீடுகளில் மாலை ஜெபத்தின்போது நாள்தோறும் ஏற்றுவதால், முதல் மெழுகுவர்த்தியே மற்ற மூன்றையும்விட அதிக நேரம் எரிகிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் நேர்ந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இந்த வரிசைதான்.

தொகுதிகளை வாங்கிய பல வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே புகார் வந்தது. நன்றாக எரிந்துகொண்டிருந்த ஊதா மெழுகுவர்த்தி, அடியிலிருந்து சில செ.மீ. உயரமே மீதமிருக்கையில் திடீரென்று சுடர் உயர்ந்து, கரும்புகை விட்டு, அணைந்துவிடுகிறது. மறுபடி ஏற்றினால் சில நொடிகள் எரிந்து தானே மூழ்கிவிடுகிறது. இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

பொருளும் முறையும்

அவர்கள் பயன்படுத்தியது கடையில் 58–60 என்று சொல்லிக் கேட்டால் கிடைக்கும் பாரஃபின் மெழுகு. அந்த எண்கள் அது உருகும் வெப்பநிலையை டிகிரி செல்சியஸில் குறிப்பவை. பெட்ரோலியச் சுத்திகரிப்பின்போது கிடைக்கும் இந்த மெழுகு, பாளங்களாக விற்கப்படுகிறது. அச்சு, 6 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள சிலிகான் உருளை. அடியில் உள்ள சிறு துளை வழியாகத் திரியை நுழைத்து, மேலே ஒரு குச்சியில் இழுத்துக் கட்டி, உருக்கிய மெழுகை ஊற்றுவார்கள். இவ்வகை அச்சில் மெழுகுவர்த்தி தலைகீழாகவே வார்க்கப்படுகிறது. அச்சின் அடியில் இருப்பது மெழுகுவர்த்தியின் தலை, ஊற்றும் வாயில் இருப்பது அதன் அடிப்பாகம்.

அதற்கு முன் பி.வி.சி. குழாயை அறுத்து அச்சாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 80 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால், சூடான மெழுகு பட்டதும் குழாய் லேசாக நெளிந்து, வார்ப்பு வெளியே வர மறுத்தது. மலிவு என்பதற்காக இதைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது வீண்.

உருக்குவதற்கு அவர்கள் தொடக்கத்திலிருந்தே தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைக்கும் முறையைத்தான் கையாண்டார்கள். வெப்பமானி இல்லை. மெழுகு முழுவதும் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்ததும் இறக்கி ஊற்றுவது வழக்கம். இறுகியபின் வாயில் தெரியும் குழியை, மிச்ச மெழுகை ஒரு கரண்டி ஊற்றி மட்டம் செய்துவிடுவார்கள். அடிப்பாகம் வழவழப்பாக, மேசையில் ஆடாமல் நிற்கும். பார்த்தவர்கள் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாத வேலைதான்.

முதலில் எழுந்த ஐயங்கள்

இளஞ்சிவப்பு தப்பித்து ஊதா மட்டும் அணைந்ததால், குற்றம் முதலில் நிறத்தின்மேல் விழுந்தது. அந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. நிறத்துக்காக அவர்கள் குழந்தைகள் வரையும் கிரேயானைச் சீவிப் போட்டிருந்தார்கள். கிரேயானில் இருப்பது மெழுகில் கரையும் சாயம் அல்ல, நுண்ணிய நிறத்தூள். அது உருகிய மெழுகோடு திரிக்குள் ஏறி, இழைகளுக்கு நடுவே படிந்து, மெழுகு மேலேறும் பாதையை அடைத்துவிடும். ஆழ்ந்த ஊதா நிறத்துக்கு இளஞ்சிவப்பைவிட அதிகமாகச் சீவிப் போட்டிருந்தார்கள் என்பதால், எல்லாம் பொருந்துவதுபோலவே தோன்றியது. எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயத்துக்கு மாறியதில் சுடர் ஒரே சீராக எரிந்தது. ஆனால் அதே உயரத்தில் அணைவது நிற்கவில்லை. நிறமே சேர்க்காமல் வார்த்த வெள்ளை மெழுகுவர்த்தியும் அங்கேயே அணைந்தது.

அடுத்து திரியைச் சந்தேகித்தார்கள். எரிந்த மெழுகுவர்த்திகளில் நடுவில் ஒரு கிணறும் சுற்றிலும் உருகாத தடித்த சுவரும் நின்றன; அந்த விட்டத்துக்குத் திரி மெலிது என்பதற்கு அது தெளிவான சான்று. எனவே தடித்த திரி போட்டார்கள். கிணறு அகன்றது, சுடர் பெரிதானது, சுவரில் கரி படிந்தது, அணைவதோ முன்போலவே இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரேயானும் மெல்லிய திரியும் உண்மையான குறைகளே. அவற்றைத் திருத்தியது சரியே. ஆனால் புகாரில் சொல்லப்பட்ட குறைக்கு அவை காரணம் அல்ல. ஒரே பொருளில் மூன்று குறைகள் சேர்ந்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரிவதையே காரணமாகக் கொள்வது இயல்பு.

உண்மையான துப்பு, எல்லா மெழுகுவர்த்திகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அணைந்தன என்பதில் இருந்தது. சாயமோ திரியோ காரணமாக இருந்தால் அணையும் இடம் ஒவ்வொன்றிலும் மாறியிருக்க வேண்டும். இளஞ்சிவப்பு தப்பியதற்கும் நிறம் காரணமில்லை. மூன்றாம் வாரம் மட்டுமே ஏற்றத் தொடங்கியதால், கிறிஸ்துமஸ் முடியும்வரை அதன் சுடர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இல்லை. கடைசி வாரத்தில் சேர்ந்த ஊதா மெழுகுவர்த்தியும் அதே காரணத்தால் தப்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தராசு காட்டியது

எரியாத ஒரு மெழுகுவர்த்தியைச் சூடேற்றிய கத்தியால் நெடுக்காகப் பிளந்தபோது, அடிப்பாகத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே, திரியைச் சுற்றி, அடிப்பக்கம் அகன்றும் தலைப்பக்கம் குறுகியும் ஒரு பொந்து தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மட்டம் செய்த மெழுகு அதை மூடியிருந்தது. சுடர் அந்த இடத்துக்கு வந்ததும், திரியைச் சுற்றித் தேங்கியிருந்த உருகிய மெழுகு முழுவதும் பொந்துக்குள் வடிந்துவிடுகிறது. எரிபொருள் இல்லாமல் திரி நீண்டு வெளிப்பட்டு, புகைந்து, கருகிக் குட்டையாகிறது. மீண்டும் ஏற்றும்போது உருகிவரும் மெழுகில் அந்தக் குட்டைத் திரி மூழ்குகிறது. வாடிக்கையாளர்கள் சொன்ன ஒவ்வோர் அறிகுறிக்கும் விளக்கம் இதில் கிடைத்துவிட்டது.

பொந்து ஏன் வந்தது என்பது எளிய கணக்கு. பாரஃபின் மெழுகு திடமாக இருக்கையில் ஒரு கன செ.மீ. ஏறத்தாழ 0.9 கிராம் எடையுள்ளது. 80 டிகிரியை ஒட்டி உருகிய நிலையில் அது 0.77 கிராம் அளவுக்குக் குறைகிறது. 6 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம் கொண்ட அச்சின் கொள்ளளவு ஏறத்தாழ 283 கன செ.மீ. விளிம்புவரை உருகிய மெழுகை ஊற்றினால் அதற்குள் போவது ஏறக்குறைய 218 கிராம். அதே இடம் திட மெழுகால் நிரம்ப வேண்டுமானால் 254 கிராம் வேண்டும். குறைகிற 36 கிராம் எங்கோ ஓரிடத்தில் வெற்றிடமாகத்தான் இருக்க வேண்டும். சிறு பங்கு வார்ப்பு அச்சுச் சுவரைவிட்டு விலகுவதில் போகிறது. அந்த விலகல் இருப்பதால்தான் வார்ப்பு எளிதாக வெளியே வருகிறது. பெரும்பங்கு, கடைசியாக இறுகும் இடத்தில், அதாவது நடுவில் திரியை ஒட்டி, ஊற்றிய வாய்க்குச் சற்றுக் கீழே குழியாகிறது. மேற்பரப்பில் ஏடு படிந்தபின் உள்ளே சுருங்கும் மெழுகுக்கு மேலிருந்து ஊட்டம் கிடைக்காததால், ஏட்டுக்கு அடியிலேயே பொந்து விழுந்துவிடுகிறது. அந்தப் பக்கம்தான் மெழுகுவர்த்தியின் அடிப்பாகம் என்பதால், சுடர் அங்கே சென்று சேரக் கடைசி வாரம் ஆகிறது.

பிளந்து பார்க்காமலே இதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதே இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. வீட்டிலிருந்த மின்னணுத் தராசில் முடிந்த மெழுகுவர்த்திகளை நிறுத்தபோது ஒவ்வொன்றும் 228 கிராமை ஒட்டியே இருந்தது. முதல் ஊற்றில் 218, மட்டம் செய்த கரண்டியில் ஒரு 10. மீதி 26 கிராம் உள்ளே இல்லை. எந்த அச்சானாலும் அதைத் தண்ணீரால் நிரப்பி, அந்தத் தண்ணீரின் எடையை 0.9 ஆல் பெருக்கினால், பொந்தில்லாத மெழுகுவர்த்தி எவ்வளவு நிறுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வேறு சோதனை தேவையில்லை. தண்ணீர் ஊற்றி அளந்த அச்சை நன்றாக உலர்த்திய பிறகே மெழுகு ஊற்ற வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாதது.

மாற்றிய முறை

புதிய முறையில் முதல் மாற்றம் வெப்பமானி. மெழுகைக் கண்ணாடிபோல் தெளிந்ததும் ஊற்றிவிடாமல், 80 டிகிரி வந்ததும் ஊற்றினார்கள். இரண்டாவது மாற்றம்தான் பொந்தை ஒழித்தது. ஊற்றி முக்கால் மணி நேரத்துக்குள், மேற்பரப்பு இறுகி உள்ளே இன்னும் இளக்கமாக இருக்கும்போது, ஒரு பின்னல் ஊசியால் திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் ஆழமாகக் குத்தித் துளையிட்டு, முதல் ஊற்றைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல் சூட்டில் மெழுகை அத்துளைகள் வழியே நிரப்பினார்கள். அது இறங்கி மறுபடி குழி விழுந்ததும் இன்னொரு முறை சிறிதளவு ஊற்றினார்கள். கூடுதல் சூடு வேண்டியதற்குக் காரணம், புதிய மெழுகு பழைய மெழுகின் மேற்பரப்பைச் சற்றே உருக்கி அதனோடு ஒன்றாவதுதான். ஆறிய மெழுகை ஊற்றினால் அது தனி அடுக்காக நின்று, எரியும்போது பிரிந்துவிடும்.

துளையிடும் நேரத்தைக் கையால்தான் அறிய வேண்டும் என்று மாமியார் சொல்வது முற்றிலும் சரி. முன்கூட்டிக் குத்தினால் துளை தானே மூடிக்கொள்கிறது. பிந்தினால் ஊசி இறங்காது. அழுத்தினால் திரி நடுவிலிருந்து விலகிவிடுகிறது. மார்கழிக் குளிரிலும் கத்திரி வெயிலிலும் நேரம் ஒன்றாக இருக்காது என்பதால் இங்கே கடிகாரத்தை நம்புவதில் பயனில்லை.

மறுவார்ப்பில் ஓர் எல்லை உண்டு. முதலில் ஊற்றிய மட்டத்துக்குமேல் மெழுகு ஏறக் கூடாது. அதற்குள் வார்ப்பு சுவரைவிட்டு மயிரிழை விலகியிருக்கும். மட்டம் மீறிய மெழுகு அந்த இடைவெளியில் இறங்கி, பக்கவாட்டில் ஏடாக ஒட்டிக்கொள்ளும்; வார்ப்பை வெளியே எடுக்கும்போது அது செதிலாக உரியும். மருமகள் வார்த்த முதல் சில மெழுகுவர்த்திகளில் இந்தச் செதில் தெரிந்தது. பிறகு அச்சின் உள்விளிம்பில் முதல் மட்டத்தைப் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டார்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு எடை 250 கிராமை ஒட்டி நின்றது. அணைகிற புகார் நின்றுவிட்டது.

திரி

மெல்லிய திரியால் கிணறு விழுந்த குறை தனியே தீர்க்க வேண்டியதாக இருந்தது. அதில் தடிமனைவிட முக்கியமான வேறொன்று வெளிப்பட்டது. அவர்கள் முதலில் போட்டது குத்துவிளக்குக்கு வாங்கும் பஞ்சுத் திரி. விளக்கில் திரி எண்ணெய்க்குள் கிடக்கிறது, நுனி கருகினால் யாராவது தூண்டிவிடுகிறார்கள். மெழுகுவர்த்தியில் தூண்ட ஆளில்லை. மெழுகு இறங்க இறங்கத் திரியும் தன்னைத்தானே எரித்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1825 இல் பிரான்சில் காம்பசெரெஸ் என்பவர் பின்னிய திரியை அறிமுகப்படுத்தியதன் பொருள் இதுதான். பின்னல் ஒரு பக்கமாக இழுப்பதால் எரியும் நுனி வளைந்து சுடரின் வெளிவிளிம்புக்குச் செல்கிறது. காற்று கிடைக்கும் அந்தச் சூடான விளிம்பில் அது சாம்பலாகி உதிர்கிறது. முறுக்கிய பஞ்சுத் திரி நேராகச் சுடரின் நடுவில் நிற்பதால், காற்றில்லாத அந்த இடத்தில் கரி சேர்ந்து காளான்போல் தலை பெருக்கிறது. பின்னிய திரி வருமுன் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் கையில் கத்திரி வைத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே அவர்கள் பின்னிய பருத்தித் திரிக்கு மாறி, வெவ்வேறு தடிமனில் வார்த்து எரித்துப் பார்த்தார்கள். சோதனைக்கு எளிய வரைமுறை ஒன்று உண்டு: மெழுகுவர்த்தியின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் எரிக்க வேண்டும். 6 செ.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதற்குள் உருகிய மெழுகு விளிம்பை நெருங்கி, சுற்றிலும் மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சினால் திரி பொருத்தமானது. விளிம்பைத் தாண்டி வழிந்தாலோ, புகைந்தாலோ திரி தடித்தது. போடுமுன் திரியை உருகிய மெழுகில் குமிழ் வருவது நிற்கும்வரை ஊறவைத்து, இழுத்து நேராக்கி உலர்த்துவது அவசியம்; இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றும் ஈரமும் போகாவிட்டால் முதல் சில நிமிடங்கள் சுடர் படபடக்கும்.

ஒரு மணி நேர மாலை ஜெபத்துக்கு மட்டும் ஏற்றி அணைக்கும் வீடுகளில், சரியான திரி இருந்தாலும் கிணறு விழும். முதல் முறை ஏற்றும்போது மட்டுமாவது இரண்டு மணி நேரத்துக்குமேல் எரிய விடும்படி அவர்கள் இப்போது சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். பாதிப்பேர் அதைப் படிப்பதில்லை என்பது வேறு செய்தி.

பிற குறைகள்

அவசரத்தில் அச்சோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வார்ப்புகள் விரிசல் கண்டன. வெளிப்பக்கம் விரைந்து சுருங்கும்போது உள்ளே சூடான மெழுகு இடம் கொடுக்காததே காரணம். இரவு முழுவதும் அறை வெப்பத்தில் விடுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. மேற்பரப்பில் வளையம் வளையமாகக் கோடு விழுந்தவை, ஆறிப்போன மெழுகைக் குளிர்ந்த அச்சில் ஊற்றியதால் வந்தவை. சிறு சிறு குழிகள், கழுவிய அச்சில் தங்கிய ஈரத்தின் விளைவு.

ஸ்டியரிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை. மெழுகுக்குக் கெட்டித்தன்மையும் பால்வெண்மையும் தருவதாலும், வார்ப்பு அச்சைவிட்டு எளிதில் பிரிய உதவுவதாலும், பத்தில் ஒரு பங்கு வரை சேர்ப்பது வழக்கம். உலோக அச்சுக்கு அது பொருந்தும். சிலிகான் தானே பிடி விடும் பொருள். அதற்கு இந்த உதவி தேவையில்லை. மேலும், அமிலம் மிகுந்த மெழுகு நாளாவட்டத்தில் சிலிகானை அரித்து விளிம்புகளைப் பொடியச் செய்யும். இந்த வீட்டில் சித்திர வேலைப்பாடுள்ள ஓர் அச்சு இப்படித்தான் மழுங்கியது. இப்போது சிலிகான் வார்ப்புகளுக்கு அவர்கள் அமிலம் சேர்ப்பதில்லை.

வாசனை எண்ணெயை மெழுகின் எடையில் நூற்றுக்கு ஐந்து, ஆறுக்குமேல் சேர்த்தால் மெழுகு அதைத் தாங்காமல் வியர்க்கிறது. ஜெபத்துக்கு ஏற்றும் மெழுகுவர்த்திக்கு வாசனை எதற்கு என்று மாமியார் கேட்டதோடு அந்தச் சோதனை முடிந்தது.

அடுப்பங்கரை

பாரஃபின் மெழுகு தண்ணீரைப்போல் கொதித்து எச்சரிக்காது. நேரடித் தீயில் வைத்தால் அமைதியாகவே சூடேறி, ஏறத்தாழ 200 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றும். தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் அது 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை என்பதால், வீட்டில் வேறு எந்த முறையையும் ஏற்க முடியாது. கீழ்ப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றிவிடாமல் பார்க்க ஒருவர் அடுப்பைவிட்டு அகலாமல் இருக்க வேண்டும். தீப்பற்றினால் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூட வேண்டும். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்கு இறங்கி நொடியில் நீராவியாகி, மெழுகைத் தீயோடு அறை முழுவதும் வீசும். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டுவதும் கூடாது; குழாயின் முதல் வளைவிலேயே இறுகிக்கொள்ளும்.

விலையும் ஊட்டமும்

பொந்து ஒழிந்ததால் ஒரு சிக்கல் வந்தது. முன்பு அவர்கள் ஒரு மெழுகுவர்த்திக்கு 228 கிராம் மெழுகு என்று கணக்கிட்டு விலை வைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றிலும் இருபது கிராமுக்குமேல் கூடுதலாகப் போகிறது. அதாவது மெழுகுச் செலவு பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. விலையை ஏற்ற மனமில்லாமல் உயரத்தை ஒரு செ.மீ. குறைத்துவிட்டார்கள். உள்ளே பொந்துள்ள உயரமான மெழுகுவர்த்தியைவிட நிறைந்த குட்டையான மெழுகுவர்த்தி நேர்மையானது என்பதால் இந்த முடிவை நான் ஆதரிக்கிறேன்.

மெல்லிய சாதா மெழுகுவர்த்திகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் இரண்டு பாதிகளாகத் திறக்கும் அலுமினிய அச்சில் இந்தத் தொல்லை எப்போதும் வந்ததில்லை. அதில் தேங்காய் எண்ணெய் தடவி, நூலை மேலும் கீழுமாக ஓட்டி, பூட்டி, மேலுள்ள தொட்டி நிறைய மெழுகை ஊற்றித் தண்ணீரில் இறக்குவார்கள். துளைகளில் மெழுகு சுருங்கச் சுருங்க, தொட்டியில் இளகியிருக்கும் மெழுகு இறங்கி இடத்தை நிரப்புகிறது. இறுகியபின் தொட்டியில் மிஞ்சியதைச் சுரண்டி மறுபடி உருக்குகிறார்கள். கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளில் இரும்பு வார்க்கும்போது ரைசர் என்று மேலே விடும் கூடுதல் உலோகம் செய்யும் வேலையும் இதுவே. இதைப் பார்த்துச் சிலிகான் அச்சின் வாயிலும் தடித்த அட்டையால் இரண்டு செ.மீ. கழுத்து கட்டிக் கூடுதல் மெழுகை ஊற்றிப் பார்த்தார்கள். கழுத்துப் பகுதி அகலமாக இருந்ததால், உள்ளே சுருங்கி முடியுமுன் அதன் மேல்பகுதி காற்றுப்பட்டு இறுகிவிட்டது. துணி சுற்றிச் சூட்டைக் காத்தபோது பலன் சற்று மேம்பட்டது. ஆனால் இறுகியபின் அந்தக் கழுத்தை மட்டமாக அறுத்தெடுப்பது, இரண்டு முறை துளையிட்டு ஊற்றுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. எனவே 6 செ.மீ. தூண்களுக்குப் பின்னல் ஊசியே நிலைத்துவிட்டது. ஆலயப் பீடத்துக்காக வார்க்கும் பெரிய பாஸ்கா (ஈஸ்டர்) மெழுகுவர்த்திக்கு மட்டும் கழுத்து கட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறார்கள். அதில் சுருங்கும் அளவு கையால் நிரப்பித் தீராது.